காவிரித் தூண்டில்காரர் இமயமலைக்குப் போனால்: ட்ரவுட் மீன்பிடிப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

பென்னாகரம் பக்கம் பிறந்தவனுக்குத் தூண்டில் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் தங்கூஸ் நரம்பு, தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டிய தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. நிழலாகப் பார்த்து உட்கார வேண்டியது, தக்கை முங்கினால் சுண்ட வேண்டியது. நாற்பது வயது வரை எனக்குத் தெரிந்த மீன்பிடி இவ்வளவுதான். இந்த வித்தையை நம்பித்தான் முதல்முறை இமாச்சலில் ட்ரவுட் பிடிக்கப் போனேன். இரண்டு நாள் முழுக்க ஒரு மீன்கூட இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வழிகாட்டிப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார்ஜி, நீங்க ரொம்ப உட்கார்றீங்க."

அவன் சொன்னது சரி. நம் மீன்பிடி உட்கார்ந்து காத்திருக்கிறது. ட்ரவுட் மீன்பிடி நடந்துகொண்டே தேடுகிறது. அதன் பிறகு இரண்டு முறை போய்வந்துவிட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து முதல்முறை கிளம்புகிறவர் எதைக் கற்க வேண்டும், நம்மூர்ப் பழக்கத்தில் எதை மறக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

இடத்தை முடிவு செய்வது

"ஒகேனக்கல்லில் ட்ரவுட் கிடைக்காதா?" என்று கேட்டவர்கள் உண்டு. கிடைக்காது. ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். 10 முதல் 16 டிகிரி வரை அதற்குச் சுகம். 20-ஐத் தாண்டினால் இரை எடுப்பது குறையும், 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. காரணம் சூடு மட்டும் இல்லை, பிராணவாயுவும்தான். 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 11 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். நம் கெளுத்தி அதில் சமாளிக்கும், ட்ரவுட்டால் முடியாது.

அடுத்து எல்லோரும் கேட்பது நீலகிரி. ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்த இந்த மீனை வெள்ளைக்காரர்கள் அங்கே கொண்டுவந்தது உண்மை. 1860-களில் முயற்சி தொடங்கி, 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே வைத்தார்கள். ஆனால் முக்குர்த்தி தேசியப் பூங்காவுக்குள் ஓடும் ஓடைகளில் தூண்டில் போட முடியாது. அவலாஞ்சி, எமரால்டு போன்ற அணைகள் மின்வாரியத்துடையவை. முறையான அனுமதியோடு, வழிகாட்டி வைத்து நாலு நாள் பிடிக்க வேண்டும் என்றால் வடக்கே போவதுதான் உத்தமம்.

வடக்கே இரண்டு பெரிய வாய்ப்புகள். ஒன்று காஷ்மீர். அங்கே 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளில் தொடங்கிய கதை. பஹல்காம் வழியாக ஓடும் லித்தர் ஆற்றுக்குப் பெயர் அதிகம். ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு இன்னாருக்கு இன்ன நாள் என்று மீன்வளத் துறை அனுமதி கொடுக்கும். இன்னொன்று இமாச்சல். காஷ்மீர் மீன் அங்கிருந்து 1909 வாக்கில் குலுவுக்கு வந்தது. பியாஸ் ஆற்றில் கலக்கும் சிற்றாறுகளில் நன்றாகப் பெருகியிருக்கிறது.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது இமாச்சலின் தீர்த்தன் ஆறு. அரூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தீர்த்தமலை இருப்பதால் பெயரே சொந்தம் மாதிரிப் படும். பனிமலையில் தொடங்கி, லார்ஜி என்ற இடத்தில் பியாஸில் சேர்கிறது. அகலம் அதிகமில்லை, பல இடங்களில் கல் விட்டெறிந்தால் அக்கரையில் விழும். இரண்டு ஜாதி ட்ரவுட்டும் உண்டு. உடம்பில் சிவப்புப் புள்ளியும் அதைச் சுற்றி வெளிர் வளையமும் இருந்தால் பிரவுன் ட்ரவுட். பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டை ஓடி, வால்வரைக்கும் கறுப்புப் புள்ளி இருந்தால் ரெயின்போ. ஆற்றின் மேல்பகுதி கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள் போகிறது. அந்த எல்லைக்குள் தூண்டில் கிடையாது. கீழே குஷைனி, பஞ்சார் பக்கம்தான் நம் வேலை.

'ஸ்நோ ட்ரவுட்' என்று ஒரு மீனைக் காட்டுவார்கள். அது ட்ரவுட்டே இல்லை. நம் கெண்டைக்குச் சொந்தக்காரன், அந்த மலை ஆறுகளின் பூர்வகுடி. மாட்டினால் மரியாதையாக விட்டுவிடுங்கள்.

மாதம் பார்ப்பது

இமாச்சலில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. மீன் முட்டையிடும் காலம் அது. மிச்சம் இருக்கிற எட்டு மாதமும் ஒரே மாதிரி இல்லை.

மார்ச், ஏப்ரல் அருமை. தண்ணீர் தெளிவு, கூட்டம் குறைவு. மார்ச் இரவில் ஓசூர்க் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் போதாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். மே மாதம் பனி உருகிப் பெரிய ஆறுகள் கலங்கத் தொடங்கும். தீர்த்தன் மாதிரி சிற்றாறுகள் ஜூன் பாதி வரை தாக்குப் பிடிக்கும். பள்ளி விடுமுறை என்று மே கடைசியில் குடும்பத்தோடு போகிறவர்கள் அறை கிடைப்பதற்கே திண்டாட வேண்டியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். ஆடிப்பெருக்கில் காவிரி எப்படி இருக்குமோ, அப்படிச் செந்நிறத்தில் ஓடும். நிலச்சரிவு வேறு. 2023 ஜூலையில் குலு, மண்டிப் பக்கம் வெள்ளம் சாலைகளையும் பாலங்களையும் அடித்துப் போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மழை விட்டு, செப்டம்பர் பாதிக்கு மேல் அக்டோபர் கடைசி வரை இரண்டாவது நல்ல காலம். ஆயுதபூஜை விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்தால் அமையும். நான் இரண்டு காலத்திலும் போயிருக்கிறேன். அக்டோபருக்குத்தான் என் ஓட்டு.

வழிகாட்டியைப் பிடிப்பது

தங்கும் விடுதி நடத்துபவர்களே பெரும்பாலும் வழிகாட்டியையும் ஏற்பாடு செய்வார்கள். போனில் பேசும்போது ஐந்தாறு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். மீன்வளத் துறை உரிமம் அவர்கள் எடுத்துத் தருவார்களா, நாம் எடுக்க வேண்டுமா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? (இரண்டு பேருக்கு மேல் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஒருவருக்குச் சிக்கெடுத்துக் கொடுப்பதிலேயே மற்ற மூவரின் காலைப்பொழுது போய்விடும்.) தூண்டில் ராடு, ரீல் அவர்களிடம் உண்டா? ஆற்றங்கரைக்கு எவ்வளவு தூரம் நடை? மதியச் சாப்பாடு கையோடா, திரும்பி வந்தா?

முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. "மீன் கிடைக்குமா?" என்று கேளுங்கள். "கட்டாயம் கிடைக்கும், கியாரண்டி" என்கிறவரைத் தவிர்த்துவிடுங்கள். முதல்முறை அப்படிச் சொன்ன ஒருவரிடம் முன்பணம் கட்டினேன். அவர் கூட்டிப்போய்க் காட்டியது மீன் பண்ணைத் தொட்டி. தொட்டியில் தூண்டிலைப் போட்டால் போட்ட வேகத்தில் கடிக்கிறது, எடைக்குக் காசு. சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? மறுநாள் விடுதிக்காரர் வேறு பையனைக் காட்டினார். உட்காராதே என்று சொன்னவன் அவன்தான்.

உரிமம் நாள் கணக்கில் கிடைக்கும். ஒரு நாளைக்கு எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த நீளத்துக்குக் கீழே இருந்தால் விட வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கிளம்பும் முன்பே வாசித்துவிடுங்கள். சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும். காவலர் வந்து கேட்பார், எங்களிடம் கேட்டார்.

ஊரிலேயே பழகுவது

இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். அப்புறம் அங்கே போய் விலை கொடுத்த முதல் நாளை வீசப் பழகுவதிலேயே கழிக்கிறார்கள்.

நம் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளை தூண்டிலில் நடப்பது தலைகீழ். முள்ளில் கட்டியிருக்கும் செயற்கைப் பூச்சிக்கு எடையே இல்லை, ஒரு கோழி இறகுத் துணுக்குதான். கனமாக இருப்பது கயிறு. கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அதன் எடையில் பூச்சியைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். ராடைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பத்து மணி, பின்னால் ஒரு மணி, அதற்குள்தான் கை ஆட வேண்டும். பின்னால் போன கயிறு முழுதாக நீளும் வரை ஒரு கணம் நிறுத்தி, பிறகு முன்னால் தள்ள வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குவது அந்த ஒரு கணத்தில்தான். அவசரப்பட்டால் சாட்டையடி மாதிரி 'படீர்' என்று சத்தம் வரும், பூச்சி அறுந்து எங்கோ போகும்.

இதற்குத் தண்ணீரே வேண்டாம். வற்றிப்போன ஊர் ஏரி போதும். முள்ளுக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். 30 அடி தூரத்தில் பழைய சைக்கிள் டயரைப் போட்டு, அதற்குள் நூலை இறக்கப் பாருங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், மூன்று வாரம். நான் பழகும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்பா, தண்ணி வர்றதுக்கு இன்னும் நாலு மாசம் ஆவுமே?" என்றார். அவர் குரலில் கிண்டலே இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டார்.

தண்ணீரில் பழக வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கை. பஞ்சாயத்து ஏரிகளில் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்காதீர்கள். அடுத்து, ஒகேனக்கல்லுக்கு மேலும் கீழும் காட்டுக்குள் ஓடும் காவிரி. 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. அங்கே பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுவது சட்டத்துக்கு விரோதம். காவிரியின் திமில் மஹ்சீர் என்ற மீன் அழியும் விளிம்பில் இருப்பதாக 2018-இல் உலகப் பட்டியலிலேயே ஏற்றிவிட்டார்கள். அதை விட்டுவைப்போம்.

காலுக்கும் பயிற்சி தேவை. தீர்த்தன் கரையில் ஒரு நாளைக்கு ஏழெட்டு கிலோமீட்டர், அதுவும் உருண்டைக் கல் மேல் நடக்க வேண்டியிருக்கும். வத்தல்மலை ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு தடவை ஏறி இறங்கினால் போதும்.

மூட்டை கட்டுவது

ராடு, ரீல் அங்கேயே கிடைத்தால் முதல்முறை வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்பவர் ஒன்பதடி நீளத்தில், ஐந்தாம் எண் ஃப்ளை ராடு ஒன்று, மிதக்கும் கயிறு, கயிற்றையும் பூச்சியையும் இணைக்கும் ஒன்பதடி லீடர் நரம்பு, அதன் நுனிக்கு 5எக்ஸ் டிப்பெட் என்ற மிக மெல்லிய நரம்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்பின்னர் (சுழலும் தகடு) வகைக்கு ஆறரையடி மெலிந்த ராடும், ஆறு பவுண்டு நரம்பும். நம்மூரில் கட்லாவுக்குப் போடுகிற தடித்த நரம்பைக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தண்ணீர் கண்ணாடி, மீனுக்கு வடக்கயிறு மாதிரித் தெரியும்.

செலவு செய்ய வேண்டியது காலணியில். அடியில் ஃபெல்ட் என்ற அமுக்கிய கம்பளி ஒட்டிய, தண்ணீரில் நடக்கும் பூட்ஸ். பாசி படிந்த கல்லில் ரப்பர் அடி வழுக்கும், கம்பளி அடி பிடிக்கும். என் மச்சான் கிருஷ்ணகிரியில் வாங்கிய புது ஸ்போர்ட்ஸ் ஷூவோடு வந்தான். முதல் அரை மணியில் மூன்று முறை விழுந்து எழுந்து, "மாமா, நான் கரையிலிருந்தே போட்டோ எடுக்கறேன்" என்று ஒதுங்கிவிட்டான்.

போலராய்டு கண்ணாடி அவசியம். தண்ணீரின் மேல் பளபளப்பை வெட்டி, உள்ளே இருக்கும் மீனைக் காட்டும். முள் கண்ணில் பாயாமலும் காக்கும். சீக்கிரம் காயும் பேண்ட் (ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கால் இரண்டும் கல்), தொப்பி, மூக்குக் குறடு, மீன் தொட்டிக் கடையில் விற்கும் சின்ன தெர்மாமீட்டர். குறடு எதற்கென்றால், முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கித் தட்டையாக்க. அப்படிச் செய்தால் மீன் வாயிலிருந்தும் சுலபமாக வரும், நம் காதிலிருந்தும் சுலபமாக வரும். என் காதைக் கேட்டால் சொல்லும்.

விமானத்தில் முள், குறடு, கத்தி எல்லாம் செக்-இன் பெட்டியில் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும்.

போகும் வழி

தருமபுரியிலிருந்து பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர். அங்கிருந்து டெல்லிக்கு விமானம். ரயில்தான் வேண்டும் என்பவர் சேலத்தில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறலாம், இரண்டு இரவு கழியும். டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் சாயங்காலம் மணாலி பஸ் பிடித்து, விடியற்காலை ஔட் என்ற ஊரில் இறங்க வேண்டும். ஔட் சுரங்கப்பாதைக்குள் பஸ் நுழைவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். நீளச் சுரங்கம், தூங்கிப்போனால் குலு போய்த்தான் கண் விழிப்பீர்கள். கண்டக்டரிடம் இரண்டு தடவை சொல்லி வையுங்கள். ஔட்டிலிருந்து பஞ்சாருக்கு முப்பது கிலோமீட்டருக்குள், அதற்கு மேல் குஷைனி பத்து. விடுதிக்காரரே ஜீப் அனுப்புவார்.

நம் ஊர் வழியாகப் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை இருக்கிறதே, கிருஷ்ணகிரி, தொப்பூர் எல்லாம் தாண்டிக் கன்னியாகுமரி போகிறது, அதன் வடக்கு முனை ஸ்ரீநகர். லித்தர் ஆற்றுக்குப் போகிறவர் கணக்குப்படி தருமபுரியில் ஏறிய ரோட்டை விட்டு இறங்காமலே அனந்தநாக் வரை போய்விடலாம். யாராவது மோட்டார் சைக்கிளில் செய்துபார்த்தால் சொல்லுங்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். நாலு இந்திச் சொல் போதும். 'ருக்கோ' என்றால் நில். 'பீச்சே' பின்னால். 'தீரே' மெதுவாக. 'அபீ' இப்போது, அதாவது மீன் கடித்துவிட்டது, தூக்கு. ஓசூர்க்காரர்கள் ஏற்கெனவே மூன்று மொழியில் பேரம் பேசுகிறவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.

முதல் காலை: கல்லைப் புரட்டுவது

ஏப்ரல் காலை ஏழு மணிக்குத் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டேன். 9 டிகிரி. நான் தூண்டிலை எடுக்கப் போனபோது வழிகாட்டி கையைப் பிடித்து நிறுத்தினான். முழங்கால் ஆழத்தில் இறங்கி, தேங்காய் அளவுக் கல் ஒன்றைப் புரட்டி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். கல்லின் அடிப்பக்கத்தில், அரை விரல்கடை நீளத்துக்கு, மணலையே கோத்துச் செய்தது போன்ற குழாய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிய்த்து நகத்தால் பிளந்தான். உள்ளே வெளிர் பச்சைப் புழு, கறுப்புத் தலை, ஆறு கால். காடிஸ் என்ற பூச்சியின் புழுப் பருவம். தன் வீட்டைத் தானே மணல்மணியாகக் கட்டிக்கொள்கிறது. பக்கத்திலேயே மூன்று வால் உள்ள தட்டையான இன்னொரு பூச்சி நெளிந்து ஓடியது, அது மேஃப்ளையின் குஞ்சு.

பிறகு தன் டப்பாவைத் திறந்து, அந்தப் புழுவுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாத ஒரு செயற்கைப் பூச்சியை எடுத்துக் கட்டினான். ட்ரவுட் சாப்பிடுவதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் இப்படி உருண்டு வருவதுதான். கல்லைப் புரட்டினால் அன்றைய சாப்பாடு என்னவென்று தெரிந்துவிடும். நீங்களும் தினமும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், பார்த்துவிட்டுக் கல்லை அதே மாதிரி வைத்துவிடுங்கள்.

ஆற்றில் மீன் எங்கே நிற்கும்

ஓடும் ஆற்றில் ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். சாப்பாடு மேலிருந்துதான் வருகிறது. ஆகவே நாம் கீழிருந்து மேலே, அதன் வால் பக்கமாக நெருங்க வேண்டும். மேலிருந்து கீழே நடந்தால் நம் நிழலும், கலக்கிவிட்ட மண்ணும் நமக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும்.

அது சோம்பேறி. வேகநீரில் நின்றால் உடம்பு நோகும், அசையாத மடுவில் நின்றால் சாப்பாடு வராது. இரண்டும் சேருகிற கோட்டில் நிற்கும். பாறை ஒன்று நடு ஆற்றில் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு சாந்தமான இடம் இருக்கும், பாறைக்கு முன்னாலும் ஒரு சின்ன மெத்தை மாதிரி தண்ணீர் தேங்கும். இரண்டிலும் போட்டுப் பாருங்கள். மடுவுக்குள் நீர் நுழையும் வாய், மடு முடிந்து நீர் மெலிந்து வழியும் வால், வேர் தொங்கும் கரைச்சந்து. இதெல்லாம் தெரியாவிட்டாலும் நுரையைப் பாருங்கள். நுரை போகும் வழியில்தான் பூச்சியும் போகும். பரிசல்காரர்களோடு வளர்ந்தவர்களுக்குச் சுழி எது, ஓட்டம் எது என்று பார்த்தாலே தெரியும். அந்தக் கண்ணை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள், மற்ற பழக்கங்களை விட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு இடத்தில் ஐந்தாறு வீச்சு. இல்லையா, நடங்கள்.

வீசுவதும் கடிப்பதும்

முதல் அரை நாள் ஸ்பின்னரில் தொடங்குவதில் வெட்கமில்லை. தகடு சுழலும் சின்ன உலோகத் துண்டு. மேல்பக்கமாகக் குறுக்கே வீசி, நீரோட்டத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றினால் தகடு சுழலுவது விரலில் 'கிர்ர்' என்று உணரும். அந்தக் 'கிர்ர்' நின்றால் ஒன்று பாசி, இல்லை மீன்.

பூச்சித் தூண்டிலில் ஒரே ரகசியம்: பூச்சி நுரையோடு நுரையாக, அதே வேகத்தில் மிதந்து வர வேண்டும். நம் கயிறு நடுவில் உள்ள வேகநீரில் விழுந்தால், அது பூச்சியையும் இழுத்துக்கொண்டு படகு மாதிரி ஓடும். எந்தப் பூச்சியும் அப்படி நீந்தாது, மீனுக்குத் தெரியும். அதனால் கயிறு விழுந்ததும் ராடு நுனியால் அதை லேசாகத் தூக்கி மேல்பக்கமாகப் புரட்டிப் போட வேண்டும். தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை மடக்கிப் போடும் அதே அசைவுதான். ஒரு மிதப்புக்கு இரண்டு முறை தேவைப்படும்.

இனி என் அவமானம். மூன்றாம் நாள் காலை, ஒரு பாறைக்குப் பின்னால் கயிறு ஒரு நொடி தயங்கியது. "அபீ!" என்றான் பையன். நான் ஏரியில் ஜிலேபி மீனுக்குச் சுண்டுவது போல முழங்கையிலிருந்து ஓங்கிச் சுண்டினேன். வெள்ளி மின்னல் ஒன்று தண்ணீருக்கு மேலே ஒரு முழம் எழும்பியது, நரம்பு 'டிக்' என்றது, அவ்வளவுதான். 5எக்ஸ் நரம்பு தலைமுடி மாதிரி, அதைச் சுண்டக்கூடாது. ராடு நுனியை மெல்ல உயர்த்தினால் போதும், முள் தானே பதியும். மீன் ஓடினால் ஓடவிட வேண்டும், நின்றால் சுற்ற வேண்டும், ராடு எப்போதும் வளைந்தே இருக்க வேண்டும். அன்று மத்தியானம் இதைச் செய்தபோது கைவலைக்குள் வந்தது பத்தங்குல பிரவுன் ட்ரவுட். நம் சந்தைக் கணக்கில் அது குழம்புக்குப் போதாது. என் கை அரை மணி நேரம் நடுங்கியது.

தண்ணீரில் இறங்கும்போது

காவிரியில் நீந்தி வளர்ந்தவன் என்ற தைரியம் இங்கே ஆபத்து. குளிர்ந்த நீர் தசையைப் பிடிக்கும், மூச்சை அடைக்கும். முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். ஒரு கம்பை மேல்பக்கமாக ஊன்றி, நீரோட்டத்துக்கு முகம்காட்டி, ஒரு காலை வைத்து உறுதி செய்த பிறகே மறு காலை எடுங்கள். காலைக் குறுக்காகப் போடாதீர்கள். விழுந்துவிட்டால் ராடை விட்டுவிட்டு மல்லாந்து, கால்கள் நீர் போகும் பக்கம் இருக்கும்படி மிதந்து கரைக்கு ஒதுங்க வேண்டும். எழுந்து நிற்க முயன்றால் கால் பாறைச் சந்தில் மாட்டிக்கொள்ளும்.

பனி உருகும் மாதங்களில் காலையில் கடந்த இடத்தைச் சாயங்காலம் கடக்க முடியாமல் போகலாம், பகல் வெயிலில் உருகிய தண்ணீர் அப்போதுதான் வந்து சேரும். பியாஸ் போன்ற அணைகள் உள்ள ஆற்றில் இன்னும் கவனம். 2014 ஜூனில், ஔட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஆற்றின் நடுப்பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் மாணவர்கள் 24 பேர், மேலே அணையில் திறந்துவிட்ட தண்ணீரில் அடித்துப் போகப்பட்டார்கள். நீர்மட்டம் ஏறுவது தெரிந்தாலும், சங்கு ஊதினாலும், தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும் மீன் மாட்டியிருந்தாலும் சரி, உடனே கரை ஏறுங்கள். வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

விடுவதும் சாப்பிடுவதும்

விடப்போகிற மீனை ஈரக் கையால்தான் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். வலையைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். போட்டோ என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும் முன்பே இறக்கிவிடுங்கள். நீரோட்டத்துக்குத் தலைவைத்துப் பிடித்திருந்தால் செவுள் திறந்து மூடி, தானே உதறிக்கொண்டு போகும்.

நிபந்தனைக்கு உட்பட்டு ஒன்றிரண்டு வைத்துக்கொண்டால், அன்றைக்கே சமைத்துவிடுங்கள். செதில் உரசும் வேலை இல்லை, அவ்வளவு பொடி. முள்ளும் நம் கெண்டையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. விடுதிச் சமையல்காரர் கடுகெண்ணெயில் உப்பும் மஞ்சளும் போட்டு வறுத்தார். நான் ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளை, ஒகேனக்கல்லில் அக்காமார்கள் தடவுகிற தடிமனில் தடவி இன்னொன்றைப் போடச் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் அவர் வறுத்ததுதான் ருசி. மென்மையான சதை, நம் மசாலா அதை அமுக்கிவிடுகிறது.

திரும்பி வந்ததும்

வழிகாட்டிக்குக் கிளம்பும் நாளில் கையில் தனியாகக் கொடுங்கள், விடுதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். மிச்சமிருந்த நரம்புச் சுருளை அவனிடமே விட்டு வந்தேன். அங்கே நல்ல நரம்பு கிடைப்பது கஷ்டம்.

கயிற்றை வெந்நீரில் அல்ல, சாதாரணத் தண்ணீரில் இரண்டு சொட்டுச் சோப்புப் போட்டுத் துடைத்து, தளர்வாகச் சுற்றி வையுங்கள். பூட்ஸின் கம்பளி அடியில் ஒரு ஆற்றின் பாசியும் நோய்க்கிருமியும் இன்னொரு ஆற்றுக்குப் பயணம் செய்யும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் கவிழ்த்துக் காய வையுங்கள். தருமபுரி வெயிலுக்கு இரண்டு நாள் போதும். முள் டப்பாவைத் திறந்தே வைத்திருங்கள், ஈரம் இருந்தால் அடுத்த மார்ச்சுக்குள் எல்லாம் துருப்பிடித்துவிடும்.